பின் சீட்டுக்குப் பின்னால் ஒரு குழி

எழுபத்தொன்றாம் வருடம், ஆவணி மாதம். வலையபட்டிப் பிள்ளையார் கோயில் வாசல். மாலை நாலே முக்கால் மணி இருக்கும். அங்கே இருந்தவர்கள்: மாப்பிள்ளை, அவருடைய தாய்மாமன், நாதஸ்வரக்காரர்கள், பெண் வீட்டுப் பங்காளிகள் பத்துப் பதினைந்து பேர், காரின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என் அண்ணன், பக்கத்து சீட்டில் மாலைக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு நான். இருக்க வேண்டியவர்களில் இல்லாதவர் ஒரே ஒருவர்தான். பெண்ணின் சித்தி. அந்த வீட்டில் அவரைச் சின்ன ஆச்சி என்பார்கள். அவர் அன்று காரைக்குடியில் நகைக்கடையில் உட்கார்ந்திருந்தார். அவர் கோயில் வாசலில் இருந்திருந்தால் இதை எழுதவேண்டிய அவசியமே எனக்கு வந்திருக்காது.

கொஞ்சம் முன்னாலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

என் அண்ணன் அந்தச் செட்டியார் வீட்டில் டிரைவர். கையெழுத்துப் போட மட்டும் தெரியும். அப்பா தச்சு வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான்தான். அப்போது டிப்ளமோ இரண்டாம் வருடம். பீஸ், புத்தகம், பஸ் சார்ஜ் எல்லாம் அண்ணனுடைய நூற்று இருபது ரூபாய்ச் சம்பளத்திலிருந்துதான்.

அந்த வீட்டில் இரண்டு கார்கள் இருந்தன. இரண்டுமே டாப்பு மடிகிற கார்கள். துணிக் கூரையைப் பின்னால் மடித்துவிட்டால் மேலே வானம்தான். காலமாகிவிட்ட பெரிய செட்டியாருக்கு அந்த மாதிரிக் கார்கள்தான் பிடிக்குமாம். முதலில் வாங்கியது இங்கிலீஷ் கார். பிறகு வாங்கியது அமெரிக்கக் கார், நீளம், அகலம், முன்னும் பின்னும் பளபளவென்று நிக்கல். சுற்று வட்டாரத்தில் எந்த நகரத்தார் வீட்டில் கல்யாணம் என்றாலும் மாப்பிள்ளை அழைப்புக்கு இந்த இரண்டில் ஒன்றைக் கேட்டு ஆள் வரும். மாப்பிள்ளை பின் சீட்டின் முதுகுமேல் உயரமாக உட்கார்ந்து வந்தால்தானே ஊர் பார்க்க முடியும்.

பெரிய செட்டியாரின் மனைவியை எல்லாரும் ஆச்சி என்பார்கள். அவருடைய மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான சமயத்தில், மெட்ராஸில் வியாபாரம் பார்க்கிற மகன் ஆச்சிக்கு ஒரு கடிதம் எழுதினார். இரண்டு காரைக் கட்டி மேய்ப்பது வீண். சினிமாப் படப்பிடிப்புக்குக் கார் வாடகைக்கு விடுகிற ஒருவர் இரண்டில் எதைக் கொடுத்தாலும் வாங்கத் தயாராக இருக்கிறார். அமெரிக்கக் காருக்கு எட்டாயிரத்து ஐநூறு, இங்கிலீஷ் காருக்கு ஐயாயிரம். ஒன்றைக் கொடுத்துவிடுங்கள், மற்றது வீட்டில் இருக்கட்டும், டிரைவரும் இருக்கட்டும். வைத்துக்கொள்கிற கார் சரியாக ஓடாவிட்டால் அதையும் தள்ளிவிடலாம். இவ்வளவுதான் கடிதம். எந்தக் காரை வைத்துக்கொள்வது என்பதில் என் அண்ணனுடைய வேலையும் அடங்கியிருந்தது என்பது அதைப் படித்துக் காட்டிய எனக்கும் தெரியும், நின்றுகொண்டு கேட்ட அண்ணனுக்கும் தெரியும்.

ஆச்சி என்னைப் பார்த்தார்.

"ஏம்ப்பா, நீ படிச்ச பிள்ளை. ரெண்டையும் நல்லாப் பாத்து எது தேவலைன்னு எழுதிக் குடு. ஒங்க அண்ணனைக் கேட்டா ரெண்டும் என் பிள்ளைம்பான்."

நான் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். நடுவில் கோடு போட்டு இந்தப் பக்கம் ஒரு கார், அந்தப் பக்கம் ஒரு கார். இரண்டு நாள் கார் கொட்டகையிலேயே கிடந்தேன். நீளம் அளந்தேன். எத்தனை பேர் உட்காரலாம் என்று எழுதினேன். பெட்ரோல் எவ்வளவு குடிக்கும் என்று அண்ணனைக் கேட்டு எழுதினேன். டாப்பு என்ற வரியில், இங்கிலீஷ் கார்: இரண்டு ஆள் சேர்ந்து கையால் மடிக்க வேண்டும், அமெரிக்கக் கார்: பட்டனை அமுக்கினால் மோட்டார் மடித்துவிடும் என்று எழுதி, அமெரிக்கக் கார்ப் பக்கம் இரண்டு டிக் போட்டேன். உடம்பு என்ற வரியில், இங்கிலீஷ் காரின் தகரத்துக்கு உள்ளே மரச்சட்டம் இருப்பதைத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்து, 'பழைய முறை' என்று எழுதினேன். தச்சர் மகனான நானே இப்படி எழுதினேன்.

அண்ணன் ஒரு துணியால் விளக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"என்னடா, ரெண்டு நாளா எழுதுற? கார் ஜாதகமா?"

"எது ஒசத்தின்னு பாக்குறேன்ண்ணே."

"இதை வச்சுக்கச் சொல்லு" என்று இங்கிலீஷ் காரைக் காட்டினார். "இதுல ஒண்ணு ஒடஞ்சா அப்பாவும் நானும் செஞ்சுக்கிடுவோம். அதுல ஒடஞ்சா யாரைக் கேக்குறது?"

அது எனக்குப் படிக்காதவர் பேச்சாகப் பட்டது. உதிரிபாகம் எங்கே கிடைக்கும் என்று கேட்டு மெட்ராஸில் கார் விற்கிற ஒரு பெரிய கம்பெனிக்கு இங்கிலீஷில் கடிதம் போட்டேன். நான் எழுதிய முதல் இங்கிலீஷ் கடிதம் அது. பத்தாம் நாள் டைப் அடித்த பதில் வந்தது. தெருவில் நின்று இரண்டு தடவை படித்தேன்.

இரண்டு மாடலும் நின்றுபோய் வெகு காலமாகிவிட்டதாம். இங்கிலீஷ் காருக்கு உடம்பு கட்டிக் கொடுத்த பட்டறையையே மூடிவிட்டார்கள். ஒவ்வொரு வண்டியையும் கையால் கட்டுகிற கூலி கட்டுப்படியாகவில்லை. அமெரிக்கக் கார் கதை வேறு. அங்கே வருடா வருடம் உருவத்தை மாற்றுவார்கள். அதனால் பழையது தானாகவே நின்றுவிடும். பொதுவாகவே கூரை மடிகிற வண்டிகளை வாங்குகிறவர்கள் குறைந்துவருகிறார்கள் என்றும் எழுதியிருந்தார்கள். ஒரு காருக்கு அதன் கூரையும் ஒரு பலம். அதை எடுத்துவிட்டால் அந்தப் பலத்தை அடியில் இரும்பு வைத்துக் கூட்ட வேண்டும். எடையும் கூடும், விலையும் கூடும். இப்போது காருக்குள்ளேயே குளிர்சாதனம் வந்துவிட்டது. காசைக் கூடக் கொடுத்து யார் வெயிலையும் தூசியையும் வாங்குவார்கள்? ஆகவே இரண்டு காருக்குமே டாப்பு சம்பந்தமான எந்தப் பாகமும் தங்களிடம் இல்லை, வரவும் வராது, வருந்துகிறோம்.

நான் நோட்டை எடுத்து உதிரிபாகம் என்ற வரியைப் பார்த்தேன். இதற்கும் கிடைக்காது, அதற்கும் கிடைக்காது. இரண்டும் சமம். சமமாக இருப்பதை ஒப்பிட்டு என்ன பிரயோஜனம் என்று அந்த வரியை ஸ்கேல் வைத்து நேராக அடித்துவிட்டேன்.

கடைசி வரி, சாமான் வைக்க இடம். அமெரிக்கக் காரில் பின்பக்க டிக்கி தவிர இன்னொரு இடமும் இருந்தது. பின் சீட்டுக்குப் பின்னால், ஒரு ரெக்சின் மூடியைத் தூக்கினால், ஆழமாக ஒரு குழி. சுத்தமாக, காலியாக. இங்கிலீஷ் காரில் அப்படி எதுவும் இல்லை. அதில் டாப்பை மடித்தால் அது சீட்டுக்குப் பின்னால் மூட்டை மாதிரி வெளியில்தான் உட்கார்ந்திருக்கும். அமெரிக்கக் காரிலும் அப்படித்தான் இருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன். அது கல்யாணங்களுக்குப் போனபோதெல்லாம் நான் கூடப் போனதில்லை, அதன் டாப்பு மடிந்து பார்த்ததே இல்லை. கொட்டகையில் வௌவால் தொல்லை என்பதால் அது எப்போதும் மூடியே நிற்கும். 'பின் சீட்டுக்குப் பின்னால் அதிகப்படியாக ஓர் இடம்' என்று எழுதி, அதற்கும் ஒரு டிக் போட்டேன்.

நோட்டை ஆச்சியிடம் படித்துக் காட்டினேன். சின்ன ஆச்சியும் கூட இருந்தார். ஆச்சிக்குப் பட்டன் பிடித்துவிட்டது.

"அமுக்குனா தானா மடங்குமாக்கும்?"

"தானா மடங்கும் ஆச்சி."

சின்ன ஆச்சிக்குக் குழி பிடித்துவிட்டது. "அங்குட்டும் எடம் இருக்கா! அது தெரியாம இம்புட்டு நாளும் மடியில வச்சுக்கிட்டுல்ல வந்தோம்" என்றார்.

அமெரிக்கக் காரை வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. இங்கிலீஷ் காருக்கு மெட்ராஸ்காரரிடம் ஆயிரம் ரூபாய் அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது. "படிச்சவன் பாத்துச் சொல்லியிருக்கான், சரியாத்தான் இருக்கும்" என்று அண்ணன் அப்பாவிடம் சொன்னதை நான் உள்ளே இருந்து கேட்டேன்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, மெருகு போடக் கொடுத்திருந்த பாத்திரங்களை எடுத்துவரச் சின்ன ஆச்சி காரைக்குடிக்குப் போனார். அண்ணன்தான் அமெரிக்கக் காரை ஓட்டிப் போனது. செட்டிநாட்டில் பெண்ணுக்குக் கொடுக்கிற சாமான் எவ்வளவு என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பித்தளை, வெண்கலம், வெள்ளி, எவர்சில்வர் எல்லாம் பரப்பி வைத்தால் ஒரு கூடம் நிறையும். எண்ணி வாங்கி, எண்ணி வைப்பார்கள். கல்யாண வீட்டில் எந்த மூலையிலும் காலி இடம் என்று ஒன்றை விட்டுவைக்க மாட்டார்கள். ஒரு அண்டா இருந்தால் அதற்குள் ஒரு பானை, பானைக்குள் செம்பு, செம்புக்குள் கரண்டி. அண்ணன் டியூப் பஞ்சர் ஒட்டக் கடைக்குப் போயிருந்த நேரத்தில் சின்ன ஆச்சி ஆள் வைத்துச் சாமானை ஏற்றிவிட்டார். சாமான் மட்டும் ஊருக்கு வந்தது. அவர் நகை வேலை முடியட்டும் என்று காரைக்குடியில் உறவினர் வீட்டில் தங்கிவிட்டார்.

வீட்டில் இறக்கி எண்ணினார்கள். ஆச்சி சொல்லச் சொல்ல நான்தான் பட்டியலில் டிக் போட்டேன். ஐந்து வெண்கலப் பானை குறைந்தது.

"மூணு தடவை எண்ணியாச்சு. அவன்தான் வச்சுக்கிட்டான்" என்றார் ஆச்சி. மெருகு போடுகிறவரைத்தான் சொன்னார். அவரிடம் கேட்டுவர மறுநாள் காலையில் சைக்கிளில் ஒரு ஆள் போனார். அந்த மனிதர் தலையில் அடித்துக்கொண்டு கொடுத்துவிட்டேன் என்று சத்தியம் செய்தாராம். 'வெண்கலப் பானை 5 குறைவு' என்று நான் எழுதி வைத்தேன். அதே நோட்டில்தான் எழுதினேன். நாலு பக்கம் முன்னால் திருப்பியிருந்தால் குழியைப் பற்றி நானே எழுதியது கண்ணில் பட்டிருக்கும்.

அன்று மாலை மாப்பிள்ளை அழைப்பு. மாப்பிள்ளையை அவர்கள் ஊரிலிருந்து டாப்பு மூடியபடி அழைத்து வந்தோம். கோயிலில் கும்பிட்டுவிட்டு, டாப்பைத் திறந்து, ஊர்வலமாக ஆறு மணிக்குள் பெண் வீட்டு வாசலில் இறங்க வேண்டும். ஆறுக்கு மேல் நேரம் சரியில்லை என்று ஆச்சி பத்துத் தடவை சொல்லி அனுப்பியிருந்தார். காரைச் சுற்றிக் கூட்டம். சின்னப் பையன்கள் பட்டனைப் பார்க்கக் கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்கள். அண்ணன் முன்பக்கக் கொக்கிகள் இரண்டையும் விடுவித்தார். பட்டனில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பின்னால குழியில ஒண்ணும் இல்லைல்ல?"

அவர் ஏன் கேட்கிறார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. மடியில் மாலைக் கூடை இருந்தது. எனக்குத்தான் தெரியுமே, பார்த்து எழுதியிருக்கிறேனே.

"இல்லண்ணே. காலிதான்" என்றேன்.

மோட்டார் உறுமியது. டாப்பு மெதுவாக எழுந்தது. பையன்கள் கத்தினார்கள். நாதஸ்வரம் ஆரம்பித்தது. டாப்பு தலைக்கு மேல் போய்ப் பின்னால் சாய்ந்து, குழிக்குள் இறங்க ஆரம்பித்த இடத்தில் 'ணங்' என்று கோயில் மணி மாதிரி ஒரு சத்தம். அண்ணன் விரலை எடுப்பதற்குள் மோட்டார் இன்னும் ஒரு தள்ளுத் தள்ளிவிட்டது. ஒரு பக்கத்து இரும்புக் கை வளைந்து, டாப்பு கோணலாக நின்றது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. வெண்கலம் வளையவில்லை. இரும்புதான் வளைந்தது.

மூடியை நெம்பித் தூக்கியபோது ஐந்து பானையும் வரிசையாக, வைக்கோல் சுற்றி, அழகாக உட்கார்ந்திருந்தன.

மாப்பிள்ளையின் தாய்மாமன் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "பொண்ணுக்கு முக்காடு போட்டுப் பாத்திருக்கோம். நீங்க காருக்குல்ல போட்டு அனுப்பியிருக்கீக!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளைகூட மாலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. யாரிடமும் எதுவும் பேசாமல், பக்கத்தில் நின்ற ஒருவரின் சைக்கிளை வாங்கி ஏறிப் போய்விட்டார். ஓடிவிட்டார் என்றே சிலர் நினைத்தார்கள்.

இருபது நிமிடத்தில் இங்கிலீஷ் காரோடு வந்தார். விற்றுப்போன காரை யார் கவனிப்பார்கள்? அவர் கவனித்திருக்கிறார். பாட்டரி போட்டு, பெட்ரோல் ஊற்றி, துடைத்து வைத்திருந்திருக்கிறார். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து அவரும் நானும் டாப்பை மடித்தோம். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மாப்பிள்ளை ஏறினார். ஆறுக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது பெண் வீட்டு வாசலில் இறங்கினார். கல்யாணம் நன்றாக நடந்தது. பானைகள் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஆச்சி மெருகு போடுகிறவரைக் கூப்பிட்டனுப்பி, எல்லார் முன்னாலும் வெற்றிலை பாக்கோடு ஒரு வேட்டி கொடுத்தார்.

கல்யாணத்தன்று மாலையே ஆச்சியின் மகன் கொட்டகைக்கு வந்து அமெரிக்கக் காரைப் பார்த்தார். "அமுக்குறதுக்கு முந்தி பின்னால பாக்க மாட்டீகளா?" என்று அண்ணனைக் கேட்டார்.

"பாக்கலைங்க. என் தப்புத்தான்" என்றார் அண்ணன்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

மூன்று நாள் கழித்து, அண்ணனை வேலையிலிருந்து நின்றுகொள்ளச் சொல்லிவிட்டு மகன் மெட்ராஸ் கிளம்புகிற காலையில் போய்ச் சொன்னேன். அண்ணன் கேட்டார், நான்தான் பார்க்காமலே காலி என்று சொன்னேன். இடத்தைக் காட்டிக்கொடுத்ததும் நான்தான். அவர் கோபப்படவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"சொன்னது நல்லதுதான் தம்பி. நான் ஒங்க அண்ணனைக் கோவிச்சு நிறுத்தல. இங்கிலீஷ் காருக்கு அட்வான்ஸ் வாங்கியாச்சு, வாக்கு மாற முடியாது. இது ஓடுது, ஆனா மூடவும் முடியல, தெறக்கவும் முடியல. இதை யாரு கல்யாணத்துக்குக் கேப்பாக? கார் இல்லாத வீட்டுல டிரைவர் உக்காந்து என்ன செய்வாரு, நீயே சொல்லு."

அந்த மெட்ராஸ் கம்பெனிக்கே இன்னொரு கடிதம் எழுதினேன், வளைந்த பாகத்தைப் படம் வரைந்து. பழைய பதிலையே சுருக்கி இரண்டு வரியில் அனுப்பினார்கள். மதுரையிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். இரும்புக் கையை நிமிர்த்தப் பார்த்தார். அது நிமிர்ந்தது, ஆனால் உள்ளே எண்ணெய் தள்ளுகிற குழாய் உடைந்திருந்தது. அது இல்லாமல் பட்டன் வெறும் பட்டன். இதே சேதம் இங்கிலீஷ் காருக்கு வந்திருந்தால் அப்பா ஒரு வாகைச் சட்டத்தை இழைத்து ஒரே நாளில் முடித்திருப்பார். நான் ஸ்கேல் வைத்து அடித்த அந்த ஒரு வரிதான் இரண்டு காருக்கும் இருந்த உண்மையான வித்தியாசம். பாகம் எதற்கும் கிடைக்காது என்பது வாஸ்தவம். ஆனால் ஒன்றுக்குப் பாகம் தேவையே இல்லை.

புரட்டாசியில் இங்கிலீஷ் கார் மெட்ராஸுக்குப் போனது. அண்ணன்தான் திருச்சி வரை ஓட்டிப் போய் ஒப்படைத்துவிட்டு வந்தார். தை மாதம் அமெரிக்கக் காரைப் பழைய இரும்பு வியாபாரி ஒருவர் லாரியில் கட்டி இழுத்துப் போனார். அண்ணன் திருப்பத்தூரில் ஒரு அரிசி மில் லாரிக்குப் போனார், நூற்று இருபது வாங்கியவருக்கு மாதம் தொண்ணூறு ரூபாய். என் கடைசி வருட பீஸைக் கட்டியதும் அந்தத் தொண்ணூறு ரூபாயிலிருந்துதான். நான் டிப்ளமோ முடித்து வேலைக்கு வந்து இரண்டு வருடமாகிறது. இன்றுவரை அவர் அந்தக் கேள்வியைப் பற்றி என்னிடம் பேசியதில்லை. "ஒண்ணும் இல்லைல்ல?" என்று அவர் கேட்டதும், நான் சொன்னதும் எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. இதை நானே படித்துக் காட்டப் போகிறேன்.

நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. எதையாவது பார்த்தேன் என்று எழுதுவதற்கு முன் இப்போதெல்லாம் எழுந்து போய் இன்னொரு தடவை பார்த்துவிடுகிறேன். அன்றைக்குத் தலையைத் திருப்பி மூடியைத் தூக்கிப் பார்க்க எனக்கு அரை நிமிடம் ஆகியிருக்கும். எட்டாயிரத்து ஐநூறுக்குக் கேட்ட கார் இரும்பு விலைக்கு ஆயிரத்து நூறுக்குப் போனது. அந்த அரை நிமிடத்துக்கு அந்த வீட்டுக்கு ஆன செலவு ஏழாயிரத்து நானூறு ரூபாய், என் அண்ணனுக்கு மாதம் முப்பது.